சக்கரம் நுழையாத ஊர்

பதினோரு வருடம்
சேன் லூயிக்கும் சிலாவோசுக்கும் பேருந்து ஓட்டினேன்.
நானூறு வளைவு என்பார்கள்.
நான் எண்ணியதில்லை,
தோள் எண்ணி வைத்திருந்தது.

பிப்ரவரி மழை.
முந்நூற்றுச் சொச்சமாவது வளைவு.
மோட்டார் சைக்கிளில் ஒரு பையன்.
அதற்குமேல் எழுத வரவில்லை.

ஓட்டுநர்மேல் தவறில்லை என்று
முத்திரை குத்திய தாள் வந்தது.
அதில் என் குடும்பப் பெயரைக்கூட
வைத்தி என்று ஒரு வரியிலும்
லிங்கோம் என்று மறுவரியிலும் ஒடித்திருந்தார்கள்.
தாளை நான் நம்பினேன்.
கால் நம்பவில்லை.
பிரேக்குக்குப் பழகிய வலது கால்
இரவெல்லாம் மெத்தையை மிதித்துக்கொண்டிருந்தது.

மாத்திரை எழுதிய மருத்துவர்
கொஞ்சம் நடங்களேன் என்றார்,
பேனாவை மூடிக்கொண்டே.

மஃபாத்தைத் தேர்ந்ததற்கு வேறு காரணமில்லை:
அங்கே சாலை கிடையாது.
மலைகள் சுற்றி நின்று காவல்காக்கும் பள்ளம்.
எழுநூறு எண்ணூறு பேர்.
அரிசியும் கேஸ் சிலிண்டரும் வானத்திலிருந்து
ஹெலிகாப்டரில் இறங்கும்.
மற்றதெல்லாம் கால்.

தைபித் கணவாய் ஏறுகையில்
மூச்சைத் தவிர யாரும் பேசவில்லை.
இருமருங்கும் மேட்டுப்புளி மரங்கள்.
பெயரில்தான் புளி,
கொம்பைப் பிடித்து உலுக்கினாலும் ஒரு புளியம்பழம் விழாது.
எனக்கும் பெயர் மட்டும்தான்
கடல் தாண்டி வந்தது.
சிரித்தேன் போல.
மூன்று மாதத்தில் முதல் தடவை,
அதுவும் ஒரு மரத்திடம்.

தெக்-தெக் குருவி ஒன்று
பத்தடி முன்னே தத்திப் போகும்.
நான் நின்றால் அதுவும் நிற்கும்,
படியில் தொங்கும் கண்டக்டர் போல முறைக்கும்:
ஏறுகிறாயா, இல்லையா?

மார்லாவில் இருட்டுக்கு முன்பே பனி.
விடுதிக்கார ஜிஸ்லேன்
எங்கிருந்து என்று கேட்டாள்,
ஏன் என்று கேட்கவில்லை.
பருப்பும் சோறும் மிளகாய்த் துவையலும் வைத்துவிட்டு
ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பையின் அடியில்
துணியில் சுற்றிய கண்ணாடித் துண்டு.
அவன் வண்டியின் பக்கக் கண்ணாடி.
நாலு நாள் கழித்துப் பேருந்தின் படிக்கட்டில் கிடைத்தது.
யாரும் கேட்கவில்லை,
நானும் கொடுக்கவில்லை.
ஆற்றில் விடலாம், பாறையிடுக்கில் வைக்கலாம்
என்று ஏதேதோ நினைத்துச் சுமந்து வந்தது.

அன்றிரவு குதிகால் எரிந்தது.
குனிந்தும் திரும்பியும் பார்க்க முடியவில்லை.
கண்ணாடியை எடுத்தேன்.
பின்னால் வருவதைப் பார்ப்பதற்கென்றே
அவன் மாட்டி வைத்திருந்த கண்ணாடியில்
என் கொப்புளத்தைப் பார்த்து
ஊசியால் குத்தி
பஞ்சு வைத்தேன்.
பிறகு துடைத்து
அதே துணியில் சுற்றினேன்.
ஆற்றில் விடவில்லை.

இரண்டாம் நாள்,
ரோஷ் ப்ளாத்துக்குச் சற்று முன்,
வளைவில் ஒரு சத்தம்.
சரளைக்கல்லில் சக்கரம்!

என் வலது கால்
மலையையே நிறுத்துவதுபோல
தரையை ஓங்கி மிதித்தது.

வந்தது ஒரு தள்ளுவண்டி.
சிமெண்டு மூட்டைமேல் ஐந்து வயதுப் பெண்,
தள்ளுகிறவன் அவள் அண்ணனாக இருக்கலாம்.
அவன் நின்றான்.
வண்டி நின்றது.
எல்லாமே நின்றது.

நான் மிதித்ததும் நின்றுவிட்டது என்று
அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள்.
இன்னொரு தடவை என்றாள்.
அண்ணன் நாலடி தள்ள,
நான் மிதிக்க,
வண்டி நிற்க,
அவள் கைதட்ட.
எத்தனை தடவை என்று தெரியாது.
முகம் நனைந்திருந்தது.
அவள் அதை வியர்வை என்று நினைத்திருப்பாள்.

மூன்றாம் நாள் ஆற்றங்கரை.
அங்கே ஜீப்புகள் தொடங்குகின்றன.
ஏறுங்கள் மேடம், எட்டு கிலோமீட்டர் கூழாங்கல் என்றான் ஒருவன்.
கதவின்மேல் கைவைத்தேன்.
வெயிலில் சுட்டது.
அடுத்த முறை என்று சொல்லி நடந்தேன்.
அடுத்த முறை என்று ஏன் சொன்னேன்
என்பதை யோசித்தே
எட்டு கிலோமீட்டரும் போயிற்று.

அன்றிரவு கால் மிதித்ததா
என்று கேட்பீர்கள்.
மிதித்தது.
இரண்டு தடவை.
பிறகு, பாவம்,
களைத்துத் தூங்கிவிட்டது.